கல்லின் சொல்லும் நம் ஊகமும்

சமையலறை அலமாரியில் மிளகுப் பொடி, மல்லிப் பொடி, பெருங்காயப் பொடி என்று டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டி வைக்கிறீர்கள் அல்லவா? எழுத்துக்கும் அப்படிச் சீட்டு ஒட்டுகிறார்கள் என்றால் ஆச்சரியமாயிருக்கும்.

புதுச்சேரி துய்மா வீதியில் பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளியின் மையம் இருக்கிறது. 2019-ல் தொடங்கிய 'தர்மா' என்னும் ஆராய்ச்சித் திட்டத்தில் அந்தப் பள்ளிக்கும் பங்கு உண்டு. கல்வெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அத்திட்டத்தார் கையாண்டது, 1998-ல் வகுக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். முறை. ஒரு கல்வெட்டுக்கு ஓர் ஏடு. அதற்குள் மூலம், மொழிபெயர்ப்பு, விளக்கம் எல்லாம் தனித்தனி அறை. ஆதார நூல்களின் விவரம் பொதுவாக ஒரே இடத்தில். வேண்டிய ஏட்டில் அதைச் சுட்டினால் போதும். பிழை திருத்துவதும் ஒரே தடவை!

இத்தனை பாடு எதற்கு என்கிறீர்களா? சோழர் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க 90 ஆடு விட்டவர்களும் உண்டு. 96 விட்டவர்களும் உண்டு. கல்லில் 'தொண்ணூ' என்பதோடு எழுத்து சிதைந்திருந்தால்? அறிஞர் ஊகித்து நிரப்புவார். அதில் குற்றமில்லை. ஆனால் நாலு கை மாறியதும் ஊகமே கல்லின் வாக்காகிவிடும். ஆகவேதான், "இது கல்லில் இருப்பது", "இது நாம் சேர்த்தது" என்று தனித்தனிச் சீட்டு.

மூடி போடாத அறையைக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும். ஊகத்தை மூலமென்று எழுதினால் மட்டும் அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் எழுதுகிறவரின் மனச்சாட்சிதான் காவல். என்றோ ஒரு பெண்மணி விட்ட ஆடுகளின் கணக்கு அவர் கையில் அல்லவா இருக்கிறது!