பென்சில் கேட்கும் ஐபீஸ்

மொட்டை மாடி வானம் – 9

எட்டு அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கிதான் வீட்டு மாடிக்கு ஏற்றது என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். அதை வாங்கி வைத்தவருக்கு ஒரே மாதத்தில் அடுத்த கேள்வி எழும். கூடவே வந்த 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்) போதுமா, இன்னும் எதையெல்லாம் வாங்க வேண்டும்? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு நீளமான விலைப்பட்டியல். நான் சொல்வது வேறு. ஐபீஸுக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் ஒரு வரைநோட்டும், ஒரு 2பி பென்சிலும், மங்கலான சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்சும் வாங்குங்கள். ஒரு பருவம் முழுக்கப் பார்ப்பதையெல்லாம் வரையுங்கள். எந்த ஐபீஸ் வேண்டும் என்பதை அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும். வரைவதை, பார்த்து முடித்தபின் எடுத்துவைக்கும் குறிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பார்க்கும் வேலையின் ஒரு பகுதி. பென்சில் இல்லாத கண் சீக்கிரமே திருப்தி அடைந்துவிடுகிறது.

தொலைநோக்கி பிறந்த நாட்களிலேயே இதற்குச் சான்று உண்டு. அன்றைய ஆங்கிலேய நாட்காட்டிப்படி 1609 ஜூலை 26 அன்று, லண்டனை ஒட்டிய சயான் மாளிகையில், தாமஸ் ஹாரியட் ஆறு மடங்கு பெரிதாக்கும் குழலால் வளர்பிறையைப் பார்த்து வரைந்தார். தொலைநோக்கி வழியே பார்த்து வரைந்த நிலவுப் படங்களில் நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே முதலாவது. ஹாரியட் தேர்ந்த கணிதர். ஆனாலும் அந்தப் படத்தில் கோணல்மாணலான ஒரு எல்லைக்கோடும் சில கறைகளும் மட்டுமே இருக்கின்றன. நவம்பர் இறுதியில் பாதுவாவில் கலிலியோ அதே நிலவை நோக்கினார். ஒளியும் இருளும் பிரியும் கோட்டுக்கு அப்பால், இருட்டுப் பக்கத்தில் தனித்து மின்னிய புள்ளிகளை வெயில் முதலில் தொடும் மலைச் சிகரங்கள் என்று கண்டுகொண்டார். அவை கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை வைத்து உயரத்தையும் கணக்கிட்டார். 1610 மார்ச்சில் அவர் நூல் வெளிவந்தது. அதைப் படித்தபின் அந்த ஆண்டு ஜூலையில் ஹாரியட் வரைந்த நிலவில் பள்ளங்கள் தெளிவாக இருக்கின்றன. கலிலியோ ஃபிளாரன்ஸின் ஓவிய மரபில் ஒளியையும் நிழலையும் கையாளப் பழகியவர், அதனால்தான் அவர் கண்ணுக்கு மேடுபள்ளம் தெரிந்தது என்று கலை வரலாற்றாசிரியர் சாமுவேல் எட்ஜர்ட்டன் வாதிட்டார். கலிலியோவின் குழல் இருபது மடங்கு பெரிதாக்கியது, ஹாரியட்டுடையது ஆறு மடங்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது, ஹாரியட் பின்னால் பயன்படுத்திய குழல்களும் முதலாவதைவிட மேலானவை. ஆனால் உருப்பெருக்கம் மட்டுமே ஒரு கறையை நிழலாக்கிவிடாது. அது நிழல் என்று கண் ஒத்துக்கொள்ள வேண்டும். நிழலைப் போட்டுப் பழகிய கைதான் அந்த ஒப்புதலைச் சீக்கிரம் வாங்கித் தருகிறது.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான ஆதாரம் செவ்வாய்க் கால்வாய்கள். வரைவது பார்வையைக் கூர்மையாக்கும் என்றால், 1877-இல் மிலானில் வானியலர் ஷியாபரெல்லி செவ்வாயின்மேல் வரைந்த கோடுகள் எங்கிருந்து வந்தன? 1894 முதல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் பெர்சிவல் லோவெல் அந்தக் கோடுகளைப் பெருக்கி, ஒரு நாகரிகத்தையே அவற்றின்மேல் எழுப்பினாரே? மனம் விரும்புவதைத்தான் கை வரைகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1903-இல் கிரீனிச்சில் வால்டர் மாண்டர் என்ற வானியலர் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். செவ்வாயின் தட்டையொத்த ஒரு படத்தை முன்னால் மாட்டி, வகுப்பில் வெவ்வேறு தூரத்தில் உட்கார்ந்த பையன்களை அதைப் பார்த்து வரையச் சொன்னார். படத்தில் கால்வாய் எதுவும் இல்லை. ஒழுங்கற்ற சிறு புள்ளிகளும் நிழல்களும்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவற்றை ஓரளவு அப்படியே வரைந்தார்கள். புள்ளிகள் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடைத்தூரத்தில் இருந்தவர்கள் நேர்கோடுகளை வரைந்தார்கள். அந்தப் பையன்களுக்குச் செவ்வாய் பற்றிய ஆசை எதுவும் கிடையாது. பகுத்தறியும் திறனின் விளிம்பில் தடுமாறும்போது, கண் தானாகவே புள்ளிகளைக் கோர்த்துக் கோடாக்குகிறது. தொலைநோக்கி வழியே வரைகிற எவரும் இந்தச் சோதனையை மறக்கக் கூடாது.

ஆனால் கால்வாய்களை ஒழித்ததும் வரைபடங்களே. வானியலர் யூஜீன் அந்தோனியாடி தொடக்க காலத்தில் தானும் கால்வாய்களை வரைந்தவர். 1909-இல் பாரிஸுக்கு அருகே மெதோன் வானாய்வகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கியில், காற்று அசைவின்றி நின்ற ஓர் இரவில் செவ்வாயைப் பார்த்தபோது கோடுகள் உதிர்ந்து, எண்ணற்ற ஒழுங்கற்ற திட்டுகளாகிவிட்டன. அதை உலகுக்குக் காட்டியவை அவருடைய பென்சில் படங்கள். அன்றைய புகைப்படங்களால் அது முடிந்திருக்காது. காற்று தெளியும் ஒரு நொடியைப் பிடிக்கும் வேகம் அந்தத் தகடுகளுக்கு இல்லை.

லோவெல் இன்னொரு பாடமும் விட்டுச்சென்றிருக்கிறார். ஐபீஸ் வாங்குகிறவருக்கு அதுதான் முக்கியம். 1896-97-இல் அவர் வெள்ளிக் கோளை வரைந்தார். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போலக் கிளம்பும் கோடுகள். வெள்ளியின் மேகப் போர்வையில் அப்படி எதுவும் இல்லை என்பது இன்று நமக்குத் தெரியும். அவர் 24 அங்குலத் தொலைநோக்கியின் வாயை மறைப்பு வைத்து வெகுவாகச் சுருக்கியே வெள்ளியைப் பார்த்தார். அப்படிச் சுருக்கும்போது ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை ஊசிமுனையாக மெலிந்துவிடும். பிரகாசமான ஒளி அவ்வளவு மெல்லிய கற்றையாக நுழைந்தால், விழித்திரையின் மேல் படர்ந்திருக்கும் ரத்த நாளங்களின் நிழலே பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும். வெள்ளியின் பெயரில் லோவெல் தன் கண்ணின் உள்பக்கத்தையே வரைந்திருக்கலாம் என்று இன்று கருதுகிறார்கள். இதற்கு நேரெதிராக ஒரு நிகழ்வும் உண்டு. 1970-களின் நடுவில் வானோக்கர் ஸ்டீபன் ஓமீரா ஹார்வர்டின் 9 அங்குலத் தொலைநோக்கியில் சனியின் வளையத்தில் ஆரக்கால் போன்ற நிழல்களைக் கண்டு வரைந்தார். அதை ஏற்பார் இல்லை. 1980-இல் வாயேஜர் 1 அங்கே போய்ச் சேர்ந்தபோது அவை வளையத்தில் இருந்தன. ஓர் ஆரக்கால் பொய், இன்னொன்று மெய். இரண்டையும் பிரிப்பதில் கண்ணுக்குள் போகும் கற்றையின் தடிமனுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

ஆகவே ஐபீஸைப் பற்றி யோசிக்கும்போது ‘எத்தனை மடங்கு’ என்பதை இரண்டாவதாக வையுங்கள். முதலில் அந்தக் கற்றையின் தடிமனைப் பாருங்கள். ஆர்வலர்கள் அதை எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். கணக்கு எளிது: ஐபீஸின் குவியத் தூரத்தைத் தொலைநோக்கியின் எஃப் எண்ணால் வகுத்தால் போதும். நம் எட்டு அங்குலக் குழலின் குவியத் தூரம் 1200 மி.மீ. என்றால், அதைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எஃப் எண் ஏறக்குறைய 6. 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு பெரிதாக்கும். கற்றை 4 மி.மீ.க்குச் சற்று மேல். 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு, 1.7 மி.மீ. 6 மி.மீ. என்றால் 200 மடங்கு, 1 மி.மீ. அதற்குக் கீழே அரை மி.மீ.யை நெருங்கும்போது உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் துகள்கள் வியாழனின் பட்டைகளுக்குக் குறுக்கே நீந்தத் தொடங்கும். பார்த்துவிட்டுப் போகிறவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். வரைகிறவர் தப்ப முடியாது. ஒரே கீறலை நாலாவது முறை சரிபார்க்கும்போது அது இடம் மாறியிருந்தால், அது கோளில் இல்லை, கண்ணில் இருக்கிறது.

உருப்பெருக்கத்தைக் கூட்டினால் மங்கலான நெபுலா இன்னும் மங்கிவிடும், அதனால் அகலமான கற்றையே நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. பாதிதான் சரி. மடங்கு கூடும்போது நெபுலாவும் அதன் பின்னணி வானமும் ஒரே விகிதத்தில் மங்குகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறைவதில்லை. உருவமோ பெரிதாகிறது. மங்கலில் சிறிய திட்டைவிடப் பெரிய திட்டைக் கண் எளிதில் கண்டுபிடிக்கும் என்பதை 1946-இல் ரிச்சர்ட் பிளாக்வெல் வெளியிட்ட கண் சோதனைகள் அளந்து காட்டின. தெருவிளக்கால் சாம்பல் பூத்துக் கிடக்கும் நகர வானத்தில் இது இன்னும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் தமிழகத்தின் தெற்கு வானில் ஒமேகா சென்டாரி கொத்து முப்பது பாகையளவுக்கு உயர்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குக் கிடைக்காத காட்சி அது. 48 மடங்கில் அதை வரைந்தால் தாளில் ஒரு மங்கிய உருண்டை விழும். 120 மடங்கில் அதே உருண்டை மணல்மணலாக உடைந்து, ஓரத்து விண்மீன்கள் தனித்தனியே நிற்கும். ஒரே இரவில் இரண்டு ஐபீஸில் இரண்டு படம் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்துப் பணத்தை எதில் போட வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவையிருக்காது.

எனக்கு வரையவே வராதே என்பார்கள் பலர். இங்கே ஓவியத் திறமை பெரிதாக வேண்டாம். தாளில் பத்து செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம். அதுதான் ஐபீஸில் தெரியும் புலம். முதலில் அதிலுள்ள இரண்டு மூன்று பிரகாசமான விண்மீன்களைப் புள்ளியிடுங்கள். அவற்றை முக்கோணமாக மனத்தில் இணைத்து, மற்றவற்றை அந்த முக்கோணத்தோடு ஒப்பிட்டு இடம் குறியுங்கள். நெபுலாவின் புகையைக் கடைசியில், பென்சில் தூளை விரல்நுனியால் தேய்த்து இறக்குங்கள். மங்கலானதை நேராகப் பார்க்காமல் கடைக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் ஓரத்தில்தான் குச்சி செல்கள் அடர்ந்திருக்கின்றன. கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாகும். வெள்ளை வெளிச்சம் ஒரு முறை பட்டால் அந்த நேரமெல்லாம் வீண். சந்தேகமான எதையும் மூன்று முறை தெரிந்தபிறகே தாளில் இறக்குங்கள். மாண்டரின் பையன்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

டாப்சோனியன், வானத்தின் சுழற்சியைத் தானே பின்தொடராது. சான்ஃபிரான்சிஸ்கோவின் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று மரப்பலகையில் வடிவமைத்தது அது. மோட்டாருக்கு அங்கே இடமில்லை. அதனால் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். இதில் ஒரு நன்மை உண்டு: விண்மீன் புலத்தைவிட்டு வெளியேறும் பக்கம் மேற்கு, வட்டத்தின் ஓரத்தில் அதைக் குறித்துவிடலாம். தொல்லையும் உண்டு. வான நடுவரையில் வானம் ஒரு பாகை நகர நான்கு நிமிடம் எடுக்கும். சாதாரண ப்ளாசல் வகை ஐபீஸின் தோற்றப் புலம், அதாவது உள்ளே கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் கோண அகலம், 52 பாகை. 200 மடங்கில் அது வானத்தில் கால் பாகைக்குச் சற்று மேல்தான், ஒரு விண்மீன் அதைக் கடக்க ஒரு நிமிடம். அல் நாக்லர் உருவாக்கியது போன்ற 82 பாகை ஐபீஸில் அதே பயணம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. தாளைப் பார்த்து, திரும்பிக் கண்ணை வைத்து, மறுபடி தாளுக்கு வருகிறவருக்கு அந்த அரை நிமிடம் பெரிய சொத்து. அகலப் புல ஐபீஸின் கூடுதல் விலையை நான் நியாயம் என்று ஏற்பது இந்த ஓரிடத்தில்தான். 6 மி.மீ. ப்ளாசலில் இன்னொரு சிக்கல்: கண்ணைக் கண்ணாடிக்கு நாலைந்து மி.மீ. அருகே ஒட்டவைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவரால் முடியாது, இமை பட்டு லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும்.

மிஞ்சுவது கேமரா. கைபேசியோடு இணையும் சிறு தொலைநோக்கிகள் நெபுலாக்களை நிறத்தோடு கொட்டும் காலத்தில் பென்சில் எதற்கு? மங்கலானதை வெளிக்கொணர்வதிலும் அளப்பதிலும் கேமராவுக்கு ஈடில்லை. அதில் வாதமே இல்லை. ஆனால் ஓரியன் நெபுலாவின் மங்கிய சிறகுகள் தெரியும் அளவுக்கு ஒரே எக்ஸ்போஷரை நீட்டினால் நடுவிலுள்ள நான்கு விண்மீன்கள் வெளுப்பில் கரைந்துவிடும். கண் இரண்டையும் ஒரே வேளையில் காண்கிறது. சூரியப் புள்ளிகளை எண்ணும் பணியில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ ஆய்வகம் விண்கலங்களின் காலத்திலும் சூரிய பிம்பத்தைத் தாளில் விழச் செய்து கையால் வரைகிறது. பிரஸ்ஸல்ஸில் தொகுக்கும் உலகச் சூரியப்புள்ளி எண்ணுக்கு அந்த வரைபடங்களே வழிகாட்டி. பழைய நூற்றாண்டுகளின் கண் எண்ணிக்கையோடு தொடர்ச்சி அறாமல் இருக்க அதுவே வழி. (சூரியனை ஐபீஸ் வழியே கண்ணால் பார்க்கக் கூடாது, பார்வையே போய்விடும்.)

வாங்கும் வரிசைக்கு வருகிறேன். கூட வந்த 25 மி.மீ. ஐபீஸ் முதல் சில மாதங்களுக்குத் தாராளம். நோட்டில் உருண்டை உடையாமல் நிற்கும் கொத்துகள் சேரும்போது, 10 மி.மீ. அளவில் கண்ணை வசதியாக வைக்கக்கூடிய நல்ல ஐபீஸ் ஒன்றுக்குப் பணம் சேருங்கள். கூட வரும் 10 மி.மீ. பெரும்பாலும் மட்டமாக இருக்கும். கார்த்திகைக் கூட்டத்தை வரைய முயன்று ஓரங்கள் வட்டத்துக்கு வெளியே விழுந்துகொண்டே இருந்தால், இரண்டு அங்குலக் குழாயும் நீண்ட குவியத் தூரமும் கொண்ட ஐபீஸ் உங்களுக்குத் தேவை. ஒன்றேகால் அங்குலக் குழாயில் அந்த இரண்டு பாகை அகலம் நம் தொலைநோக்கிக்கு அடங்காது. 6 மி.மீ. அகலப் புல ஐபீஸைக் கடைசிக்கு வையுங்கள். வியாழனை 120 மடங்கில் பல இரவுகள் வரைந்து, பட்டையின் ஓரத்து மடிப்பு நொடிநேரம் தெளிவதும் மறைவதுமாக உங்கள் படங்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அதை வாங்கும் நேரம் வந்துவிட்டது.