மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ் மைனர்

இக்காலத்துப் பிள்ளைகளிடம் கார் என்று சொன்னால் அவர்கள் உள்ளத்தில் தோன்றுவது யப்பானிய வண்டியே. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்காற்றை வீசச் செய்து, இயந்திரத்தின் ஓசையே கேளாமல் ஏ-9 வீதியில் விரைவது அவர்களுக்குப் பழகிய பயணம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய வன்னி வாசகர் ஒருவரிடம் ‘மொறிஸ் மைனர்’ என்றோ, ‘ஏ போட்டி’ என்றோ சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் முதலில் ஒரு புன்னகை தோன்றும். பின்னர் அவர் தம்மையறியாமலே மூக்கைச் சற்றுச் சுழிப்பார். அந்தப் புன்னகை வண்டிக்கு உரியது. அந்தச் சுழிப்பு மண்ணெண்ணெய்ப் புகைக்கு உரியது!

எமது வீட்டிலும் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. 1954 ஆம் ஆண்டு வண்டி. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு கம்பியைக் கொண்டிருக்கும். வீதியில் திரும்ப வேண்டுமாயின், கதவோரத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறக் கை ஒன்று ‘டக்’ என்று வெளியே நீளும். அந்தக் கை சில வேளைகளில் உள்ளே மடங்க மறுத்துவிடும். அப்பொழுது பக்கத்தில் இருப்பவர் சன்னலால் கையை நீட்டி அதனைத் தட்டி மடக்க வேண்டும். அந்த உத்தியோகத்திற்காக எமக்கும் எமது தமக்கையாருக்கும் நிகழ்ந்த போட்டி கொஞ்சமன்று.

இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இரண்டு இருந்தன. 1957 இல் மோட்டார் வண்டிகளுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்ததும், அதனை எதிர்த்து வடக்கில் கிளர்ச்சி எழுந்ததும் மூத்த வாசகர்கள் அறிந்தவையே. அதற்கு முன்னரே பதிவான வண்டி என்பதில் எமது பாட்டனாருக்கு ஒரு தனிப் பெருமை. அறுபதுகளிலே வேறொருவர் கைமாற்றிக் கொடுக்க வாங்கிய வண்டிதான். எனினும் விலாயத்திலிருந்து நேரே தமக்கென வருவித்தது போலவே அவர் பேசுவார்.

திறப்பைத் திருப்பியதும் பெற்றோலை இழுக்கும் சிறு மின்பம்பு ‘டிக், டிக், டிக்’ என்று ஒலிக்கும். அந்த ஒலி நின்றதும் வண்டி புறப்படத் தயார் என்பது பொருள். வவுனியா நோக்கிச் செல்வோமாயின், முறிகண்டிப் பிள்ளையார் முன்றிலில் வண்டி தானாகவே நின்றுவிடுமோ என்று எண்ணத் தோன்றும். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டு, கச்சான் சுருளுடன் மீண்டும் ஏறுவோம். வண்டியின் நெற்றியிலும் ஒரு திருநீற்றுக் குறி விழும்.

தட்டுப்பாட்டிலே பிறந்தது

இந்தச் சிறு வண்டியின் பிறப்பை ஆராயப் புகுந்தபோது எமக்கு வியப்பூட்டிய செய்திகள் சில கிடைத்தன. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இதனை வரையத் தொடங்கினார் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அவர் பிறந்தது இங்கிலாந்தில் அன்று; இன்று துருக்கியில் இஸ்மீர் என வழங்கும் சிமேர்னா நகரத்தில். 1922 இல் போரினால் அந்நகரம் கலைந்தபோது, பதினைந்து வயதுப் பிள்ளையாகப் பெற்றோருடன் மோல்டாத் தீவுக்கு அகதியாகச் சென்றார். தந்தையார் அங்கேயே இறக்க, தாயாருடன் இங்கிலாந்து சேர்ந்தார். இடம்பெயர்ந்த ஒருவர் ஆக்கிய வண்டியே பிற்காலத்தில் இடம்பெயர்ந்த எம்மையும் சுமந்தது!

1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் மொறிஸ் மைனர் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் வண்டி ஒடுங்கியதாகத் தோன்றவே, மாதிரியை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்தார் இசிகோனிஸ். இயந்திர மூடியின் நடுவே தட்டையாக ஓடும் பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. தொழிற்சாலை அதிபர் நபீல்ட் பிரபுவோ, ‘இஃது ஓடுடைத்து நீரில் அவித்த முட்டை போலிருக்கிறது’ என்று வெறுத்தாராம். அந்த முட்டைதான் பின்னர் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் காராயிற்று.

அக்காலப் பிரித்தானியா தட்டுப்பாட்டு நாடு. 1950 மே வரை அங்கே பெற்றோல் பங்கீட்டு முறையில் அளந்தே வழங்கப்பட்டது. 1953 தொடக்கம் வரை கிடைத்ததும் தரம் தாழ்ந்த ஒரே வகைப் பெற்றோல். உருக்கோ, ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே முதலில் கொடுக்கப்பட்டது. அதனாலேயே ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன், போட் என்று சிறு கார்கள் இலங்கை போன்ற நாடுகளை நோக்கிக் கப்பலேறின. தரம் குறைந்த எண்ணெயில் ஓட வேண்டும், குறைவாகக் குடிக்க வேண்டும், கைக்கருவிகள் கொண்டு திருத்தக்கூடியதாயிருக்க வேண்டும் என்பவை அவற்றின் இலக்கணமாயின.

1952 இல் ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்தபின், ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மொறிஸ் மைனருக்குள் புகுந்தது. எமது வண்டியில் இருந்ததும் அதுவே. அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியமையின், பழைய வண்டிகளையே பேணிக் காக்கும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. 1977 இன் பின் யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தபோது தெற்கில் பலர் இவற்றைக் கைவிட்டனர். வன்னியில் கைவிடாதிருந்தமை பின்னர் பேருதவியாயிற்று.

விளக்கெண்ணெயில் ஓடிய விந்தை

1990 இல் போர் மீண்டும் மூண்டதும் வடக்கிற்குப் பெற்றோல், பற்றறி முதலியன வருவது தடைப்பட்டது. புத்தம்புது வண்டிகள் கொட்டிலில் ஓய்ந்தன. கிழட்டு மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் வீதிக்கு வந்தன. எப்படி?

இரசாயனவியல் கற்பிப்பவர்கள் என்னும் முறையில் இதனைச் சற்று விளக்குதல் எமது கடமை. பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ சூடேறினாலன்றி நன்றாக ஆவியாகாது. மொறிஸ் மைனரின் இயந்திரத்தில், எரிகலவை உள்ளே செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டு அமைந்துள்ளன. எனவே சிறிது நேரம் பெற்றோலில் ஓடினால், புகைக்குழாயின் வெம்மை உட்குழாயைச் சூடாக்கும். அதன்பின் மண்ணெண்ணெயை விட்டாலும் அஃது ஆவியாகி எரியும். மேலும், இவ்வியந்திரம் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக மட்டுமே நெருக்குகின்றது. இக்கால வண்டிகள் பத்தில் ஒரு பங்காகவும் அதற்கு மேலாகவும் நெருக்குவன. அவற்றில் மண்ணெண்ணெய் காலந்தப்பி வெடித்து இயந்திரத்தையே பழுதாக்கும். பிரித்தானியக் கமக்காரர் பேகசன் உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எண்ணெய்க்கு மாற்றி உழுததும் இதே நுட்பத்தால்தான்.

எமது தந்தையார் இயந்திரத்தின் அருகே ஒரு சிறு போத்தலைக் கட்டி, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைக் கார்புரேற்றருக்கு இணைத்திருந்தார். போத்தலில் இருப்பது பெற்றோல், பொன்னினும் அரியது. பற்றறி செத்துப் போனமையால் முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றுவோம். இரண்டு மூன்று நிமிடம் பெற்றோலில் உறுமியதும் குழாயை மாற்றிவிடுவார். வெண்புகை எழும், தெருவே இருமும், வண்டி நகரும்.

இதற்கு விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். புளக்குகளில் கரி படியும். கிழமைக்கொருமுறை அவற்றைக் கழற்றிச் சுரண்டுவது எமது வேலை. இதே இலங்கையின் வேறொரு பகுதியில், தொண்ணூறுகளில் மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள் என்று பின்னாளில் அறிந்து நகைத்தோம். எமக்கோ, பழைய ரயர்த் துண்டை வெட்டிச் செய்ததே உதிரிப்பாகம்!

விளக்கா, வண்டியா?

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பகுதியில் ஒரு குடிசையில் வாழ்ந்தோம். 1998 ஆடி மாதம். அடுத்த மாதம் எமக்குக் க. பொ. த. உயர்தரப் பரீட்சை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் அளந்தே கிடைக்கும். ஆகவே எமது படிப்பு விளக்கிற்கென ஒரு போத்தலை அம்மா தனியாக ஒளித்து வைத்திருந்தார்.

ஓரிரவு பதினொரு மணியிருக்கும். படலையடியில் அயலவரின் குரல். “மாஸ்ரர், மாஸ்ரர்! அவவுக்கு வலி கண்டிட்டுது. ஒருக்கா வரவேணும்.”

மருத்துவமனைக்குக் காட்டோர மண்பாதையில் ஏழு மைல். தந்தையார் வண்டியின் தாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். நுனி மட்டுமே நனைந்தது. ஒன்றும் பேசாது அம்மாவை நோக்கினார். அம்மாவும் ஒன்றும் பேசாது உள்ளே சென்று அந்தப் போத்தலை எடுத்து வந்தார். போதாதென்று கண்டதும், எமக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் ஊதி அணைத்து, அதிலிருந்ததையும் ஊற்றினார்.

நாம் சினந்தோம். “எனக்குச் சோதனை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்று கத்தினோம். கைபிடியைச் சுழற்றிக்கொண்டிருந்த தந்தையார் நிமிர்ந்து, “தம்பி, சோதனை ஆவணியிலை வரும். பிள்ளை இண்டைக்கு வருகுது,” என்றார். வண்டி புறப்பட்டுவிட்டது. இருளிலே தனியே இருந்து, அந்தப் புகை நாற்றம் அடங்கும்வரை பொருமினோம்.

விடியற்காலையில் தந்தையார் நடந்தே வந்தார். திரும்பும் வழியில் எண்ணெய் தீர்ந்து வண்டி காட்டோரத்தில் நின்றுவிட்டது. பிள்ளை பிறந்ததா என்றுகூட நாம் கேட்கவில்லை. அவராகவே, “பெட்டைப் பிள்ளை, சுகம்,” என்று அம்மாவிடம் சொன்னார். பின்னர் அயலவர் தம் மாடுகளைப் பூட்டி வண்டியை இழுத்து வந்தார். முப்பத்தொன்று கழிந்தபின் அவர் மனைவியார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு போத்தல் மண்ணெண்ணெயை அம்மாவின் கையில் கொடுத்தார். எங்கே கடன்பட்டுப் பெற்றாரோ, அறியோம். பரீட்சைக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. அந்த எண்ணெயில் எரிந்த விளக்கின் முன் அமர்ந்தபோது எமக்கு எழுத்துத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.

அவ்வண்டி எமது குடும்பத்தின் சொத்து என்று அதுவரை எண்ணியிருந்தோம். அஃது ஊரின் சொத்து என்பதைத் தந்தையார் என்றோ உணர்ந்திருந்தார்.

பூட்டி வைத்த வண்டி

2002 இல் போர்நிறுத்தம் வந்தது; ஏ-9 வீதி திறந்தது; மொறிஸ் மைனர் மீண்டும் பெற்றோல் குடித்தது. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போய்வந்தோம். அந்த இனிய காலம் நீடிக்கவில்லை.

2008 இன் இறுதியில் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே ஊர் ஊராக நகர்ந்தோம். அரிசி மூடை, தகரங்கள், தண்ணீர்க் குடம், நடக்க மாட்டாத அப்பாச்சி ஆகிய அனைத்தையும் அந்தச் சிறு வண்டி சுமந்தது. எண்ணெய் தீர்ந்தபின் தள்ளிச் சென்றோம். இரணைப்பாலைக்கு அப்பால் தள்ளவும் முடியவில்லை. ஒரு தென்னையின் கீழ் நிறுத்தினோம். தந்தையார் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்திப் பூட்டினார். “பூட்டி என்ன செய்யப் போறியள்?” என்று அம்மா கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும் இருந்த பொலித்தீன் பைக்குள் காரின் பதிவுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டார்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. செட்டிகுளத்து முகாமில் வாழ்ந்து, அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். பின்னர் முல்லைத்தீவுக் கரையோரம் சென்றபோது, துருப்பிடித்த வண்டிகள் மலைபோற் குவிந்திருக்கக் கண்டோம். தந்தையார் நெடுநேரம் அவற்றிடையே நடந்தார். நடுவே தட்டையான பட்டி ஓடும் மூடி ஒன்றையேனும் காணவில்லை. இன்று அவரும் இல்லை. பதிவுப் புத்தகம் மட்டும் எமது தகரப் பெட்டிக்குள் இருக்கின்றது. புத்தகத்தின்படி நாம் இன்னும் ஒரு மொறிஸ் மைனருக்கு உரிமையாளரே.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, கிளிநொச்சியில் எமக்கு முன் நின்ற முதியவர் ஒருவர், “அந்த மொறிஸ் மைனர் இருந்திருந்தால்…” என்று சொல்லி நிறுத்தினார். வரிசையில் நின்ற மூத்தோர் எல்லோரும் சிரித்தனர். இளையோர் ஏன் என்று விளங்காது விழித்தனர்.

அவர்களுக்கு விளக்கிச் சொல்வது எம் போன்றோர் கடமையன்றோ? வாசகர்களே, உங்கள் வளவில் அத்தகைய வண்டி ஒன்று இன்னும் நின்றால் பழைய இரும்புக்காரருக்கு விற்றுவிடாதீர்கள். வண்டி போய்விட்டதாயின், அஃது எந்தெந்த இரவில் யார் யாரை ஏற்றிச் சென்றது என்பதையேனும் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் அயல்வீட்டார் பெயரும் இருக்கும்.