ராத்திரியில் தெரியும் வெல்டிங் காயம்

தாம்பரம் மேற்கில் முடிச்சூர் சாலையிலும், கிழக்கே சேலையூர், மேடவாக்கம் பக்கமும், பம்மல், அனகாபுத்தூர் சந்துகளிலும் கிரில் பட்டறை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புறநகரில் வீடு எழும்ப எழும்ப கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மொட்டை மாடி ஷெட் என்று இரும்பு வேலை வந்துகொண்டே இருக்கிறது. முன்பு இந்தப் பட்டறைகளில் ராடு வெல்டிங்தான். இப்போது சிங்கிள் பேஸ் கரண்டில் ஓடும் சின்ன மிக் மெஷின்கள் வந்துவிட்டன. பட்டறைக்காரர்கள் சிஓ2 வெல்டிங் என்பார்கள். ராடு மாற்ற வேண்டாம், கசடு தட்ட வேண்டாம். டார்ச் பொத்தானை அழுத்தினால் கம்பி தானாக வந்து உருகி ஒட்டுகிறது. கையும் சீக்கிரம் பழகிவிடுகிறது.

அந்தச் சுலபத்தில்தான் எனக்குக் கவலை. இந்த மெஷினால் வரும் கெடுதல்களில் பெரும்பாலானவை வேலை நேரத்தில் வலிப்பதில்லை. கண் எரிச்சல் ராத்திரி வரும். காய்ச்சல் சாயங்காலம் வரும். நுரையீரல் கெடுவது பல வருஷம் கழித்துத் தெரியும். 'வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம்' என்று நினைப்பவருக்கு நிறுத்த வேண்டிய நேரம் தெரியவே தெரியாது. பாதுகாப்பு எல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

## மெஷினைச் சரியாக வைப்பதும் வைத்தியம்தான்

வெல்டிங் புகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உருகும் கம்பியிலிருந்து வருகிறது. ஒட்டப்படும் இரும்பிலிருந்து வருவது கொஞ்சம்தான். கம்பி ஓடும் வேகமும் வோல்ட்டும் பொருந்தாவிட்டால் புகையும் கூடும், பொறியும் கூடும். தெறித்து ஒட்டிய பொறியைத் தேய்க்க கிரைண்டர் எடுக்க வேண்டும், அதில் இன்னொரு தூசி. அதனால் மெஷின் செட்டிங்கை வேலைத் தரத்துக்கான விஷயமாக மட்டும் பார்க்கக் கூடாது.

ஜன்னல் கிரில்லுக்கும் 2 மில்லிமீட்டர் தகட்டுக்கும் 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். ரோலரில் 0.8 என்று பொறித்த பள்ளத்தில்தான் கம்பி உட்கார்ந்திருக்கிறதா, டார்ச் முனையில் இருக்கும் டிப்பும் 0.8-தானா என்று பாருங்கள். புதுச் சுருளை மாட்டும்போது கம்பி முனையைக் கை விட்டால் மொத்தச் சுருளும் துள்ளி அவிழும். முனை கண்ணில் குத்தலாம். முனையை ஒரு கையில் பிடித்தபடியே, வளைந்த நுனியை வெட்டிவிட்டு, நேராக லைனருக்குள் விடுங்கள்.

அடுத்து நடப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். கம்பி டார்ச் வழியாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, டார்ச்சை முகத்துக்கு நேரே தூக்கி, நாசிலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துவார்கள். நிமிஷத்துக்குப் பல மீட்டர் வேகத்தில் வரும் அந்தக் கம்பி கன்னத்தையும் துளைக்கும், கண்ணையும் துளைக்கும். பல மெஷின்களில் அந்தக் கம்பியில் கரண்டும் இருக்கும். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். எர்த் கிளாம்பை வேலைப் பொருளிலிருந்து கழற்றி வையுங்கள். கண்ணாடி அப்போதே கண்ணில் இருக்கட்டும்.

ரோலர் இறுக்கம் அதிகமானால் கம்பி நசுங்கி, செம்புத்தூள் உதிர்ந்து லைனரை அடைக்கும். குறைந்தால் கம்பி வழுக்கி, டிப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். கேஸ் வைத்து ஓட்டும் கம்பிக்கு டார்ச் பிளஸ், எர்த் மைனஸ். கேஸ் தேவைப்படாத, உள்ளே ஃப்ளக்ஸ் வைத்த கம்பிக்குப் பெரும்பாலும் இது தலைகீழ். மாற்றிப் போட்டுவிட்டு, 'மெஷின் சரியில்லை, பொறி பறக்கிறது' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கேஸ் நிமிஷத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். அதற்கு மேல் திறந்துவிட்டால் காற்று சுழன்று உள்ளே வந்து ஒட்டு கெடும். செட்டிங் சரியா என்று காதே சொல்லும். சத்தம் ஒரே சீராக வர வேண்டும். கடுகு வெடிப்பதுபோல் விட்டுவிட்டு வெடித்தால் வோல்ட்டையோ கம்பி வேகத்தையோ திருத்துங்கள்.

சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு நிற்க வையுங்கள். சிஓ2 சிலிண்டரில் உள்ளே இருப்பது திரவம். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே நிற்காது, அழுத்தம் ஏறும். நம் ஊர் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, சுவர் ஓரம் காயும் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். நிழலில் வைக்க இரண்டு நிமிஷம் ஆகாது.

## காற்றும் வேண்டும், காற்று ஆகவும் ஆகாது

மிக் வெல்டிங்கில் ஒரு சிக்கல் கூடவே பிறந்திருக்கிறது. உருகும் இரும்பைப் போர்த்தி நிற்கும் கேஸ் லேசான காற்றுக்கே கலைந்துவிடும். ஒட்டில் ஓட்டை ஓட்டையாக விழும். அதனால் மின்விசிறியை நிறுத்துகிறார்கள், ஷட்டரைப் பாதி இறக்குகிறார்கள். ஒட்டு நன்றாக வருகிறது. புகை முழுக்க மூக்குக்குப் போகிறது.

இதற்கு வழி இருக்கிறது. காற்றை ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். பெடஸ்டல் ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பி வைப்பதற்குப் பதில், வேலை மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்துங்கள். எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். வளைகுழாயை வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. புகை நேராக மேலே எழும். அதன்மேல் குனிந்து பார்த்தால் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஏறிவிடும். தலையைப் பக்கவாட்டில் வைத்துப் பழகுவதற்குப் பைசா செலவில்லை. ஆனால் பலனில் இதற்கு இணையாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

மூக்கில் துண்டு கட்டுவதும் துணி மாஸ்க்கும் உதவாது. வெல்டிங் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சின்னவை. என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. மிக் மெஷினுக்கு விடும் கேஸான ஆர்கானும் கார்பன் டைஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை. தண்ணீர்த் தொட்டி, சம்ப், பள்ளம் போன்ற இடங்களுக்குள் இறங்கி மிக் ஓட்டினால் அவை அடியில் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றக் குதிக்கிறவரும் விழுவார். காற்றோட்டத்துக்கு ஏற்பாடு இல்லாமல், வெளியே கயிறோடு ஆள் இல்லாமல், அந்த வேலையை ஏற்காதீர்கள்.

இன்னொன்று. பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களால் துடைத்த இரும்பை ஈரம் காயாமல் வெல்டிங் செய்தால், அந்த ஆவி ஆர்க் வெளிச்சத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். முதல் உலகப்போரில் ஆயுதமாக வீசிய வாயு அது.

## கண்ணில் மண் கொட்டிய ராத்திரி

கேட் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பரைக் கவனியுங்கள். வெல்டர் தலையில் ஹெல்மெட். அவர் டேக் (சின்னப் பொட்டு ஒட்டு) அடிக்கும் நொடியில் ஹெல்பர் முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். ஒரு கேட்டுக்கு இப்படி எத்தனையோ டேக். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கவாட்டிலும் வெள்ளைச் சுவரில் பட்டும் புற ஊதாக்கதிர் கண்ணில் விழுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் தூங்கப் போன பிறகு, கண்ணில் மண்ணை அள்ளிக் கொட்டியதுபோல் எரிச்சல், நீர் கொட்டுதல், விளக்கைப் பார்க்க முடியாத கூச்சம். கருவிழியின் மேல்தோல் வெந்துபோயிருக்கிறது. சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும்.

ஆறவிடாமல் செய்வது நாம்தான். உருளைக்கிழங்கு வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள், மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். தோல் உரிந்த கருவிழியில் கிருமி நுழைந்தால் புண்ணாகும். மதுரை மாவட்டத்தில் 1993-இல் கணக்கெடுத்தபோது ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப்புண் வந்திருந்தது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு. நம் மண்ணில் இது சின்ன ஆபத்தல்ல. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து அந்த நேரத்துக்கு வலியை நிறுத்தும், திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியையே அழிக்கும். ஸ்டீராய்டு சொட்டும் டாக்டர் சொல்லாமல் கூடாது. இருட்டறையில் ஓய்வு, குளிர்ந்த ஈரத்துணி, பாராசிட்டமால் போதும். கண்ணைக் கசக்காதீர்கள். ஒரு நாளில் குறையாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, கிரைண்டர் துகள் குத்தியிருந்தாலோ கண் டாக்டரிடம் போங்கள். துகளைத் துணி முனையாலும் ஊசியாலும் எடுத்துவிடும் 'கைராசிக்காரர்' எவரிடமும் போகாதீர்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

வெல்டருக்கு 10 முதல் 12 வரை எண்ணுள்ள கறுப்புக் கண்ணாடி தேவை. தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கினால் அதில் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூலிங் கிளாஸ் இந்த வேலைக்கு ஆகாது. ஹெல்பருக்கும் தனி ஷீல்டு வேண்டும். அது வரும்வரை, பக்கம் மூடிய வெள்ளைப் பாலிகார்பனேட் கண்ணாடியாவது கொடுங்கள். அது வெளிச்சத்தைக் குறைக்காது, அதனால் ஆர்க்கைப் பார்க்கக் கூடாது. ஆனால் புற ஊதாக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தெருவில் வைத்து வேலை செய்தால் ஒரு திரை கட்டுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண்ணைக் காக்கச் சொன்னது. ஆனால் கரண்டில் ஓடும் பட்டறையில் 10 பேராவது இருந்தால்தான் பொதுவாக அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது. மூன்று பேர் வேலை செய்யும் நம் கிரில் பட்டறையில் ஹெல்பருடைய கண்ணுக்கு முதலாளிதான் சட்டம்.

## ஜி.ஐ. பைப்பும் சாயங்காலக் காய்ச்சலும்

மாடி ஷெட்டுக்கு ஜி.ஐ. பைப்தான் போடுகிறோம். அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ சுமார் 1,500 டிகிரி வேண்டும். ஆகவே ஒட்டு விழும் முன்பே வெள்ளைப் புகை கிளம்பி, பஞ்சுபோல் மிதக்கும். அதைச் சுவாசித்தவருக்கு நாலு முதல் பத்து மணி நேரம் கழித்து குளிர், நடுக்கம், உடம்புவலி, வாயில் உலோகச் சுவை, காய்ச்சல். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தானாக விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் டெங்கு என்றோ வைரல் காய்ச்சல் என்றோ நினைத்துவிடுவோம். டாக்டரிடம் அன்று பகலில் என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. நுரையீரலுக்குப் போன புகையை வயிற்றுக்குப் போன பால் ஒன்றும் செய்யாது. ஒட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, மாஸ்க் போட்டு, திறந்த வெளியில் வெல்டிங் செய்யுங்கள். காய்ச்சலோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். காட்மியம் பூச்சுள்ள பழைய போல்ட், நட்டுகளைச் சுட்டாலும் முதலில் இதே அறிகுறிதான் வரும். அது உயிரைக் குடிக்கும்.

## கரண்ட், தீ

200 ஆம்பியர் மெஷினை முழு அளவில் ஓட்டினால் 230 வோல்ட் லைனில் 25 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். தனி லைனும் எம்.சி.பி.யும், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஆனால் டார்ச் பக்கம் ஷாக் அடித்தால் ஆர்.சி.சி.பி. விழாது, அந்தச் சர்க்யூட் தனி. வியர்வையில் நனைந்த கையுறை, ஈரத் தரை, ஹவாய் செருப்பு மூன்றும் சேர்ந்தால் குறைந்த வோல்ட்டும் ஆளைச் சாய்க்கும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. தண்ணீர் ஏறி வடிந்த பட்டறையில் மெஷினைச் சோதிக்காமல் ஆன் செய்யாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெஷின் பக்கம் போக வேண்டாம்.

பொறி 10 மீட்டர்கூட ஓடும். பெயின்ட் டப்பா, மரத்தூள், துணி எல்லாம் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். தீயும் தாமதமாகத்தான் வரும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ. நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

## சானடோரியத்துக்கு இந்தப் பக்கம்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-இல் கூடி, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. அதற்கு முன்பு 'உண்டாக்கக்கூடும்' என்ற அளவில்தான் இருந்தது. சாதாரண இரும்புக்கும் இது பொருந்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி வேலையில் குரோமியமும் நிக்கலும் சேர்ந்துகொள்வதால் ஆபத்து கூடும். கம்பியில் இருக்கும் மாங்கனீஸ் வருஷக்கணக்கில் சேர்ந்தால் கைநடுக்கம், நடைத் தடுமாற்றம் வரலாம்.

வெல்டர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். இங்கிலாந்தில் இவர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி போடப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். வெல்டிங்கோடு பீடி, சிகரெட்டும் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இரும்புப் புகை நுரையீரலில் படிந்தால் எக்ஸ்ரேயில் பொட்டுப் பொட்டாக நிழல் விழும். பார்வைக்குச் சில வகைக் காசநோய் போலவே இருக்கும். அங்கேயோ வேறெங்கேயோ நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது, என்ன வேலை, எத்தனை வருஷமாக, கேட் வேலையா, ஜி.ஐ. பைப்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'புகை வேலை, இருமல் சகஜம்' என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வெல்டருக்கும் காசநோய் வரும்.