கல்லைக் குடித்த எஞ்சின்

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டிலேயே பெருமை பேசியவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். செஞ்சிக்குத் தெற்கே மண்டகப்பட்டில் இருக்கிறது அந்தக் குடைவரை. அதன் வாசலில் நின்று அண்ணாந்தால் 11 கி.மீ. உயரத்தில் ஒரு விமானம் போகிறது என்று வையுங்கள். அதன் எஞ்சின்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டால்? நம் தலையில் விழாது. பழைய போயிங் 747 கூட ஒரு கி.மீ. இறங்குவதற்குள் சுமார் 15 கி.மீ. முன்னே போய்விடும். இறக்கை அடிக்காமல் பருந்து இறங்குகிறதே, அப்படித்தான். காற்று எதிர்க்காவிட்டால், கணக்குப்படி மீனம்பாக்கமே எட்டும்.

இந்தக் கணக்கை நிஜத்தில் போட்டுப் பார்க்க நேர்ந்தது 1982 ஜூன் 24 இரவு. லண்டனில் கிளம்பி பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9, ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. உள்ளே 263 பேர். முன்கண்ணாடியில் பொறி பறந்தது. கேபினில் புகை நாற்றம். சில நிமிடங்களில் நான்கு எஞ்சின்களும் அணைந்தன.

காரணம் கலுங்குங் எரிமலை. அதன் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல, பொடியான பாறை. ஈரமில்லாததால் வானிலை ராடாரில் தெரியவில்லை. எஞ்சினின் எரியறைச் சூட்டில் உருகி, உள்ளே பாகாக ஒட்டிக் காற்றுப் பாதையை அடைத்துவிட்டது.

கேப்டன் எரிக் மூடிக்கு அடுத்தடுத்துத் தலைவலி. எஞ்சின் நின்றால் கேபினுக்குக் காற்றழுத்தமும் போச்சு. துணை விமானியின் ஆக்சிஜன் முகமூடியோ குழாய் கழன்று கிடந்தது. அவர் மூச்சு விடட்டும் என்று, சேமிக்க வேண்டிய உயரத்தையே செலவழித்து வேகமாக இறக்கினார் மூடி. இடையில் எஞ்சினைக் கிளப்பும் முயற்சியும் நிற்கவில்லை. கரையோர மலைகளைத் தாண்ட உயரம் போதாவிட்டால், 12,000 அடியில் திரும்பிக் கடலில் இறங்குவது என்று முடிவு. 13,500 அடி வாக்கில் ஓர் எஞ்சின் உறுமியது, பிறகு மற்றவையும். ஆறியதும் பாகு இறுகி, உடைந்து உதிர்ந்திருந்தது.

இன்றைய ஜெட்டுகள் பலவற்றில், மின்சாரம் போனால் வயிற்றிலிருந்து ஒரு குட்டிக் காற்றாடி தானாக வெளியே வந்து சுழன்று கட்டுப்பாட்டுக்கு உயிர் கொடுக்கும். எஞ்சினின் முன்விசிறி பிளேடு ஒன்றை முழு வேகத்தில் வேண்டுமென்றே பிய்த்துவிட்டு, உறை அதைத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினுக்குச் சான்றிதழ். சாம்பலுக்கு மட்டும் இன்றும் ஒரே வழிதான்: ஒதுங்கிப் போவது.

மூடியின் விமானத்துக்கு ஜகார்த்தாவில் இறங்கும்போது இன்னொரு சோதனை. முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கிக் கிடந்தது. இறங்கும் சரிவைக் காட்டும் தரைக்கருவியும் வேலை செய்யவில்லை. ‘இவ்வளவு தூரத்தில் இவ்வளவு உயரம்’ என்று துணை விமானி கணக்குச் சொல்லச் சொல்ல, கண்ணாடி ஓரத்தில் தேயாமல் மிஞ்சிய ஒரு கீற்று வழியே ஓடுபாதை விளக்கைப் பார்த்து இறக்கினார் மூடி. யாருக்கும் காயமில்லை.