காசு கட்டினால் கிடைக்கும் இன்டர்ன்ஷிப்

பொறியியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விடுமுறைக்கு முன் சில விளம்பரங்கள் சுற்றும். ஒரு வார இன்பிளான்ட் ட்ரெயினிங், ஆன்லைனிலும் உண்டு, சான்றிதழ் நிச்சயம், கட்டணம் இவ்வளவு. வேலை பழக வந்த பிள்ளையிடமே பணம் வாங்குகிறார்கள். பல மாணவர்கள் தெரிந்தேதான் கட்டுகிறார்கள். துறையில் கேட்பது தாளை. தாள் கையில் வந்துவிடுகிறது.

இந்தச் சந்தை இனி பெருகும். நான்காண்டுப் பொறியியல் படிப்புக்குள் 600 முதல் 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் இருக்க வேண்டும் என்கிறது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. இளநிலை மாணவர்கள் நான்காம் செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் செய்ய வேண்டும், அதற்கு 2 முதல் 4 கிரெடிட் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வழிகாட்டுதல் தந்தது. நாளுக்கு எட்டு மணி என்று வைத்தால் 120 மணி என்பது 15 நாள். ஒரு பட்டறையின் ஒழுங்கு பிடிபடவே அவ்வளவு நாள் ஆகும். அதற்கும் இடம் வேண்டுமே! தொழிற்சாலையே இல்லாத ஊரின் கலைக் கல்லூரியில் ஒரே துறையிலிருந்து அறுபது பேர் கிளம்பினால் எங்கே போவார்கள்? விளம்பரக்காரரிடம்தான் போவார்கள்.

வழிகாட்டுதலில் மேற்பார்வையாளர், வழிகாட்டி ஆசிரியர், மதிப்பீடு எல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன. ஏ.ஐ.சி.டி.இ., மானியக் குழு ஆகியவற்றின் அதிகாரம் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் சிக்கல். பயிற்சி தருகிற நிறுவனத்தை அவை தண்டிக்க முடியாது.

தொழிலாளர் சட்டமும் இந்த மாணவரைப் பெரும்பாலும் கைவிடுகிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்பவருக்கு ஒப்பந்தம் உண்டு, குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு, வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. அதே லேத் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் கல்லூரி இன்டர்ன் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பதால், இவற்றில் எதையும் அச்சட்டத்தின் பேரில் கேட்க முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘பயிற்சி பெறுபவர்’ என்று வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. மாணவிகளை அனுப்பும் முன் இதையாவது சொல்லி அனுப்ப வேண்டும். 2024இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது மாதம் ₹5,000 என்று அறிவித்தார்கள். ஆனால் முழுநேரம் படிப்பவர்கள் அப்போது அதில் சேர முடியவில்லை.

பிரான்ஸ் நாடோ நிறுவனங்களின் மீதே கை வைத்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே நிறுவனத்தில் ஓராண்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு மாணவரை இன்டர்னாக வைத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்தைத் தாண்டினால் ஊக்கத்தொகை கட்டாயம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இன்டர்ன்கள் பணியாளர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஒரு வழிகாட்டியின் கீழ் மூன்று பேருக்கு மேல் கூடாது என்று 2015இல் விதி வந்தது. முதல்முறை மீறினால் ஒரு மாணவருக்கு 2,000 யூரோ வரை அபராதம். மூன்று பேர் என்ற அந்த ஒரு எண் போதும், சான்றிதழ் அச்சடிக்கும் கடையைச் சாய்க்க. ஐந்நூறு பேரைச் சேர்க்க அது நூற்று அறுபத்தேழு வழிகாட்டிகளைக் காட்ட வேண்டியிருக்கும்.

பயிற்சியை விதிகளால் ஒழுங்குபடுத்துவதற்கு நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. ஹவுஸ் சர்ஜன்களுக்கான தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் எந்தத் துறையில் எத்தனை வாரம், எந்தத் திறன் என்று பிரித்துச் சொல்கின்றன. பதிவேட்டில் மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். உதவித்தொகை விஷயத்தில் அங்கும் குறைகள் உண்டு. ஆனால் எதைக் கற்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை.

இப்படியே விட்டால் அடி விழுவது உண்மையாக உழைத்த மாணவர் மீதுதான். வேலைக்கு ஆளெடுப்பவர் எல்லாச் சான்றிதழையும் ஒரே சந்தேகத்தோடு புரட்டுவார். தெரிந்தவர் மூலம் நல்ல நிறுவனத்தில் இடம் பிடித்த பிள்ளை அதையும் தாண்டிப் போய்விடும். சிபாரிசு இல்லாத, சென்னையில் சம்பளமில்லாமல் ஒரு மாதம் விடுதி வாடகை கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை தாளோடு நிற்கும்.

சட்டம் வரக் காலமாகும். துறைத்தலைவர்கள் வரும் பருவத்திலேயே செய்யக்கூடியவை உண்டு: மாணவரிடம் பணம் வாங்கும் நிறுவனத்தின் சான்றிதழுக்குக் கிரெடிட் கிடையாது என்று அறிவிக்கலாம், மேற்பார்வையாளர் யார், அவர் கீழ் எத்தனை பேர் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கலாம், வைவாவில் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே செய்த வேலையைப் பற்றி மட்டும் கேட்கலாம்.