மடியில் குழந்தை, வழியில் பயம்

விமானத்தில் ஏறுவதை நினைத்த அளவிலேயே நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும், பயண நாள் நெருங்க நெருங்க உறக்கம் கெடுவதும் பலருக்கு நேர்வன என்றாலும், அவை எல்லாமே நோயாகக் கருதப்படுவதில்லை. அச்சமானது உண்மையான ஆபத்தின் அளவை வெகுவாக விஞ்சி, ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வேலைக்கும் உறவுக்கும் குடும்பக் கடமைக்கும் இடையூறாக நிற்கும்போதுதான் உளமருத்துவம் அதனைத் தனிவகை அச்சநோய், அதாவது ஃபோபியா, என்று குறிப்பிடுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில், விமானத்தைப் பற்றிய அச்சம் லிஃப்ட், மூடிய அறை போன்றவற்றைப் பற்றிய அச்சங்களோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. விமானத்தை அஞ்சுவோர் அனைவரும் ஒன்றையே அஞ்சுவதில்லை என்பதை நோக்கினால் இந்த வகைப்பாட்டின் பொருத்தம் புலப்படும்: ஒருவர் உயரத்தை அஞ்சுகிறார், மற்றொருவர் கதவு அடைபட்டபின் இறங்க வழியில்லை என்பதை அஞ்சுகிறார், இன்னொருவர் முகம் தெரியாத ஒருவரிடம் தம் உயிரை ஒப்படைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருப்பதை அஞ்சுகிறார், வேறு சிலரோ, அத்தனை பேர் நடுவில் தமக்குப் பீதி வந்து மூச்சுத் திணறிவிடுமோ என்று தம் அச்சத்தையே அஞ்சுகின்றனர்.

அதுவரை கவலையின்றிப் பறந்து வந்த ஒருவருக்குக் குழந்தை பிறந்த பிறகு முதன்முறையாக இந்த அச்சம் தோன்றுவதும் உண்டு. தனக்கு ஏதேனும் ஆனால் குழந்தையின் கதி என்ன என்ற கேள்வியும், குழந்தைக்கு ஏதேனும் ஆனால் தன்னால் எதுவும் செய்ய முடியாதே என்ற தவிப்பும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. பேருந்தோ ரயிலோ சென்றடைய முடியாத தொலைவுக்கு, பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்துவிட்டுக் கைக்குழந்தையோடு தனியாக வளைகுடா நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ கணவரிடம் திரும்பும் இளந்தாய்க்கு, பயணத்தைத் தவிர்ப்பது என்ற வழியே இல்லை. அச்சத்தோடுதான் அவர் போக வேண்டும். எனவே அச்சத்தை வைத்துக்கொண்டே எப்படிப் போவது என்பதே அவருக்குப் பயன்படும் கேள்வி.

இதில் முதலில் அறிய வேண்டியது, சிறு குழந்தைக்கு விமானத்தைப் பற்றிய அச்சம் இயல்பாக அமைந்த ஒன்றன்று என்பதே. அறியாத சூழலில் என்ன உணர வேண்டும் என்பதைக் குழந்தை தன்னை வளர்ப்பவரின் முகத்திலிருந்து படித்துக்கொள்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்னும் உளவியலாளர்கள் 1960-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மேசையின் பாதியில் கட்டம்போட்ட பலகையும், மறுபாதியில் கீழே பள்ளம் தெரியும் கண்ணாடியும் அமைத்து, தவழும் குழந்தைகள் பள்ளத்தைக் கண்டு தயங்குவதைக் காட்டினர். ஜேம்ஸ் சோர்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதே அமைப்பைச் சற்று மாற்றி 1985-இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் ஆழமானது. பள்ளத்தை அஞ்சத்தக்க ஆழமாகவும் இல்லாமல், கவனிக்காமல் கடக்கும் அளவுக்கு மேலோட்டமாகவும் இல்லாமல், ஏறத்தாழ 30 செ.மீ. அளவில் வைத்து, மறுகரையில் தாயை நிற்கச் செய்தனர். ஒரு வயதுக் குழந்தை விளிம்புவரை தவழ்ந்து வந்து, நின்று, தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. தாய் மகிழ்ச்சியான முகத்தைக் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்தனர். அச்ச முகத்தைக் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பள்ளம் ஒன்றே, கண்ணாடி ஒன்றே. மாறியது தாயின் முகம் மட்டுமே.

ஆனால், இந்த ஆய்விலிருந்து ‘அச்சத்தை மறைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தால் போதும்’ என்ற முடிவுக்கு வருவது பிழையாகும். பல மணி நேரப் பயணத்தில் முகத்தை மட்டும் அடக்கியாள முடியாது. மடியிலிருக்கும் குழந்தை இறுகிய வயிற்றையும், வேகமாகும் மூச்சையும், தன் தோளை அழுத்தும் விரல்களையும் உணர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே பெற்றோர் செய்யத்தக்கது தம் அச்சத்துக்குத் திரை போடுவதன்று, அதன் அளவைக் குறைக்கும் வழிகளைத் தேடுவதே. பேசத் தெரிந்த குழந்தையிடம் உண்மையை அளவாகச் சொல்லிவிடுவதும் அவ்வழிகளுள் ஒன்று. “அம்மா, பிளேன் ஏன் இப்படி ஆடுது?” என்று நான்கு வயதுக் குழந்தை கேட்கையில் “ஒண்ணுமில்ல, பேசாம உக்காரு” என்று அதட்டினால், ஏதோ இருக்கிறது, அது பேசக்கூடாத ஒன்று என்பதே அதன் மனத்தில் பதியும். மாறாக, “வெளியில காத்து வேகமா அடிக்குது கண்ணு, அதான் ஆடுது. நாம பெல்ட் போட்டிருக்கோம்ல, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்ற விடையில் காரணமும் காவலும் முடிவும் அடங்கியிருக்கின்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம், “அம்மாவுக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, வா, ரெண்டு பேரும் மெதுவா மூச்சு விடலாம்” என்று சொல்லிவிடுவதால் கேடு ஒன்றும் இல்லை. அச்சம் வந்தவர் அதனோடு என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளை அங்கே நேரில் காண்கிறது.

காரணம் தெரியாத ஓசையே அஞ்சுபவரை மிகுதியாக வாட்டுவதால், விமானத்தின் ஓசைகளை முன்கூட்டியே அறிந்திருப்பது பெரிய உதவி. இந்தியாவின் உள்நாட்டு வழித்தடங்களில் மிகுதியாகப் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில், பெரும்பாலும் தரையில் இருக்கும்போது, நாய் விட்டுவிட்டுக் குரைப்பது போன்ற ஓசை இருக்கைக்கு அடியிலிருந்து எழும். அது இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கிடையே, அதாவது எண்ணெயின் அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்புகளுக்கிடையே, அழுத்தத்தைச் சமன்செய்யும் கருவியின் ஓசை. தரையை விட்டு எழுந்த சில நொடிகளில் ‘தடால்’ என்று கேட்பது சக்கரங்கள் மடங்கி உள்ளே செல்வதால். அதற்குச் சற்றுப் பிறகு இன்ஜின் ஓசை திடீரெனத் தணிந்து, விமானம் கீழே இறங்குவது போன்ற உணர்வு வயிற்றில் ஏற்படும். பலரும் இருக்கையின் கைப்பிடியைப் பற்றும் கணம் இதுவே. உண்மையில் விமானம் அப்போதும் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கிறது. புறப்பாட்டுக்குத் தேவைப்பட்ட மிகுவிசையை, ஏற்றத்துக்குரிய அளவுக்கு விமானிகள் குறைப்பதால் உட்செவி அதனை இறக்கமாகப் பிறழ உணர்கிறது. தரையிறங்கியதும் எழும் பேரிரைச்சல், இன்ஜினின் காற்றை முன்னோக்கித் திருப்பி வேகத்தைத் தணிப்பதன் ஓசை. வீட்டிலேயே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, துப்பட்டாவைப் பெல்ட்டாகக் கட்டி, இந்த ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாயால் எழுப்பி விளையாடிவிட்டால், மறுநாள் விமானத்தில் ‘தடால்’ கேட்டதும் “சக்கரம் உள்ள போயிடுச்சு!” என்று குழந்தையே கூவும். அந்தக் கூவல் குழந்தையைவிடப் பெற்றோருக்கே மிகுந்த ஆறுதலைத் தரக்கூடும்.

காற்றுக் கொந்தளிப்பு, அதாவது டர்புலன்ஸ், தனியே விளக்கத்தக்கது. வெயில் ஏறிய தரையிலிருந்து மேலெழும் சூடான காற்று, மழைமேகங்களுக்குள் நிகழும் ஏற்ற இறக்கம், மிகு உயரத்தில் விரைந்தோடும் காற்றோட்டங்களின் விளிம்பு ஆகியவற்றைக் கடக்கும்போது விமானம் குலுங்குகிறது. கோடையின் பிற்பகலைவிட அதிகாலைப் பயணம் பொதுவாக அமைதியாக இருப்பதும், இறக்கையை ஒட்டிய இருக்கைகளில் வால்பகுதியைவிட ஆட்டம் குறைவாகத் தெரிவதும் இதனோடு தொடர்புடைய செய்திகள். இறக்கை ஒடிந்துவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு 1995-இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். பறத்தலில் எதிர்பார்க்கத்தக்க மிகப்பெரிய சுமையின் ஒன்றரை மடங்கை, அதாவது 150 விழுக்காட்டை, இறக்கை தாங்க வேண்டும் என்பது விதி. போயிங் 777 விமானத்தின் இறக்கைகளை வேண்டுமென்றே வளைத்துக்கொண்டே போனபோது 154 விழுக்காட்டில்தான் அவை முறிந்தன. குலுக்கலால் விளையும் காயங்கள் பெரும்பாலும் பெல்ட் அணியாதவர்க்கே நேர்கின்றன. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் கடுமையான கொந்தளிப்பில் சிக்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர்; விமானமோ பாங்காக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆகவே பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டை அணிந்திருப்பதே அச்சத்தைச் செயலாக மாற்றும் எளிய வழி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துச் செல்ல விமான நிறுவனங்கள் இடமளிக்கின்றன என்றாலும், தனி இருக்கையில், விமானத்துக்கென ஏற்கப்பட்ட குழந்தை இருக்கையில் அமர்த்துவதே பாதுகாப்பானது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. மடியில் வைத்திருப்போர், தம் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது மட்டும் ஒருபோதும் கூடாது. திடீர் அதிர்ச்சியில் பெரியவரின் எடை முழுவதும் குழந்தையின்மேல் விழும்.

புள்ளிவிவரங்கள் அச்சத்தைப் போக்குமா என்றால், தனியாக அவற்றால் முடிவதில்லை. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆர்னால்டு பார்னெட்டின் கணக்குப்படி, 2018 முதல் 2022 வரை உலகின் வணிக விமானங்களில் ஒருவர் ஏறும்போது உயிரிழக்கும் வாய்ப்பு 1 கோடியே 37 லட்சத்தில் ஒன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். இருந்தும் 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார் என்ற செய்தியும், அதன் காட்சிகளும் மனத்தில் நிற்பதைப்போல அந்த எண்கள் நிற்பதில்லை. எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாகக் கருதும் இவ்வியல்பை உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1970-களிலேயே விளக்கினர். அந்தத் துயரத்தை எண்ணிக் கலங்குவது மனித இயல்பு. அதற்காக எவரும் வெட்க வேண்டியதில்லை. எனினும், அச்சத்துக்குப் பணிந்து மாற்றுவழி தேடுவதிலும் ஆபத்து உண்டு: கடத்தப்பட்ட விமானங்களைக்கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமானத்தைத் தவிர்த்துக் காரில் சென்றதால், அடுத்த ஓராண்டில் அமெரிக்கச் சாலைகளில் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்தனர் என்று உளவியலாளர் கெர்டு கிகெரென்சர் மதிப்பிட்டுள்ளார்.

பயண நேரத்தில் உடலைத் தணிக்கும் முறைகளுள் மூச்சே முதன்மையானது. அச்சத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலைசுற்றலும் விரல் மரத்தலும் தோன்ற, அவற்றை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு மனம் மேலும் அஞ்சுகிறது. நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது இச்சுழலை அறுக்கும். பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைக்காமல் ஊதுவதாகச் சொன்னால் குழந்தையும் கூடவே செய்யும். இதற்கு மாறாக, தான் கண்ணயர்ந்தால் ஏதேனும் நேர்ந்துவிடும் என்று பயணம் முழுதும் விழித்திருப்பது, பணிப்பெண்ணின் முகத்தை நொடிக்கொரு முறை பார்ப்பது, உறங்கும் குழந்தையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது போன்றவற்றை உளவியலாளர்கள் ‘பாதுகாப்பு நடத்தை’ என்பர்; அவை அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்தாலும், பத்திரமாக இறங்கியதற்குத் தம் விழிப்பே காரணம் என்ற எண்ணத்தை வளர்த்து அச்சத்தை வாழவைக்கின்றன. இருவர் சேர்ந்து பயணம் செய்தால் புறப்பாட்டின்போது அச்சம் குறைந்தவர் குழந்தையின் அருகில் அமரலாம். 12 வயதுக்கு உட்பட்டோரைப் பெற்றோரில் ஒருவர் அருகிலேயே அமர்த்த வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024-இல் ஆணையிட்டிருப்பதால், இடம் பிரிந்துவிடுமோ என்ற கவலை ஓரளவு நீங்கும்.

இறக்கத்தின்போது குழந்தை அலறினால், அதனை அச்சம் என்று கொள்வதற்கு முன் காதை நினைக்க வேண்டும். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரிய அளவில், அதாவது கொடைக்கானலிலோ உதகையிலோ இருப்பதைப்போல, வைக்கப்படுகிறது. இறங்குகையில் அழுத்தம் கூடும்போது, நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேக்கியன் குழல் திறந்து அதைச் சமன்செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு இக்குழல் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் எளிதில் திறவாமல் செவிப்பறை வலிக்கிறது. விழுங்கும்போது குழல் திறக்கும். உறக்கத்தில் விழுங்குதல் குறையுமாதலால், தரையிறங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன், இறக்கம் தொடங்கும்போதே குழந்தையை எழுப்பித் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுப்பது நல்லது. வளர்ந்த குழந்தைக்குச் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். சளியோ காதுவலியோ உள்ள குழந்தையைப் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

குழந்தை உறங்கட்டும் என்று சளி மருந்தைக் கொடுப்பது தவறு. மயக்கத்துக்கு மாறாக மிகுகிளர்ச்சியையே அது சில குழந்தைகளுக்கு உண்டாக்கும். பெற்றோர் தாமே தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொள்வதும் பொறுப்பில் ஒரு குழந்தை இருக்கையில் ஏற்கத்தக்கதன்று. அவசரத்தில் ஆக்சிஜன் முகமூடியைத் தாமும் அணிந்து குழந்தைக்கும் அணிவிக்கும் தெளிவு அவருக்கு இருந்தாக வேண்டும். மேலும், வில்ஹெல்ம், ராத் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், அல்பிரசோலம் என்னும் பதற்றத் தணிப்பு மாத்திரையோடு பறந்தவர்கள் அப்போது ஆறுதல் பெற்றாலும், ஒரு வாரம் கழித்து மாத்திரையின்றிப் பறந்தபோது, முன்பு மருந்தற்ற போலி மாத்திரை எடுத்திருந்தவர்களைவிட மிகுந்த பீதிக்கு உள்ளாயினர். நிலைத்த பயன் தருவது, அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்து எண்ணங்களைத் திருத்தும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையே. விமானத்தின் உட்புறத்தைக் கண்முன் காட்டும் மெய்நிகர் கருவியைக்கொண்டு அதனை மருத்துவமனை அறையிலேயே அளிக்கும் முறையை எமரி பல்கலைக்கழகத்தின் பார்பரா ராத்பாம் போன்றோர் 2000-ஆம் ஆண்டளவில் சோதித்து நல்ல பயன் கண்டனர். இச்சிகிச்சைக்குச் சில வாரங்களாவது தேவை என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே உளவியல் ஆலோசகரை நாடிவிட வேண்டும். யாரை நாடுவது என்று தெரியாதோர், 2022 அக்டோபர் முதல் இயங்கிவரும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.