புகைக்கு மூடி விழும் இரவு

செல்பேசி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால், நீண்ட ஆன்டெனாக்களுக்கு நடுவே மத்தளத்தின் முகம்போல வெள்ளை வட்டங்கள் தெரியும். அவை நம் கைபேசியோடு பேசுவதில்லை. சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அடுத்த கோபுரத்தோடு மைக்ரோவேவ் அலையில் பேசுகின்றன. வழியில் மழை பெய்தால் துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிக்க, சிக்னல் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை நிறுவனங்கள் பதிந்து வைப்பது பராமரிப்புக்காக மட்டுமே.

டெல் அவிவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹகித் மெஸ்ஸர் மின்பொறியாளர். இரைச்சலுக்குள்ளிருந்து சிக்னலைப் பிரித்தெடுப்பது அவருடைய துறை. அவரோ அந்த இரைச்சலையே படிக்கத் தொடங்கினார். ஆர்டெம் ஜினெவிச், வளிமண்டல அறிஞர் பின்ஹாஸ் ஆல்பெர்ட் ஆகியோருடன் 2006-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், கோபுரப் பதிவுகளிலிருந்தே மழையை அளந்து காட்டினார்.

அந்த வழி மழையோடு நிற்கவில்லை. அதே குழுவில் பயின்ற நோம் டேவிட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் காவோவுடன் சேர்ந்து, 2016-ல் காற்று மாசுக்கு வந்தார்.

வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். மேகமோ காற்றோட்டமோ இல்லாத இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிட, வெதுவெதுப்பான அடுக்கு மேலே மூடிபோல அமர்கிறது. வண்டிப் புகையும் அடுப்புப் புகையும் மேலே போக வழியில்லாமல் நம் மூக்கின் உயரத்திலேயே தங்கிவிடும். 1952 டிசம்பரில் லண்டன்மேல் இப்படி ஐந்து நாள் மூடி கவிந்தபோது, நிலக்கரிப் புகையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

இந்த அடுக்குகளினூடே போகும் மைக்ரோவேவும் வளைகிறது. வெவ்வேறு பாதையில் வந்து சேரும் அலைகள் ஒன்றையொன்று குலைக்க, துளி மழையில்லாத இரவிலும் சிக்னல் தடுமாறும். பல இணைப்புகள் ஒரே நேரத்தில் தடுமாறினால், மூடி விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த வழிமுறை நச்சுத்துகளை எண்ணாது; புகை தேங்கக்கூடிய இரவு எது என்று மட்டும் சொல்லும். அதுவே பெரிய காரியம் என்பேன். வானிலை பலூன் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை, சில ஊர்களில் மட்டும் பறக்கிறது. கோபுரமோ தெருக்கோடியிலேயே இரவெல்லாம் விழித்திருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் மறுநாள் விடியலில் நடக்கப் போகலாமா என்பதற்கான துப்பு செல்பேசி நிறுவனங்களின் கணினிகளில் கிடக்கிறது. பொதுச் சுகாதாரத் துறையினர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். கொடுக்க முடியாத பொருளல்ல அது: இலங்கையில் இதே வகைப் பதிவுகளைக் கொண்டு மழையை அளந்த ஆய்வு 2021-ல் வெளிவந்துவிட்டது.